எதிர்வீட்டு டிராஜடி

"இன்னொரு தரம் அந்த வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரப்படாது மாமி! பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். ததாஸ்து தேவதைகள் தலைக்கு மேலேயே சுத்திண்டிருக்கும். நாம எதைச் சொன்னாலும் 'அஸ்து, அப்படியே ஆகட்டும்'னுடும்!"

ஷியாமளா கத்திய கத்தலில் லேக் கார்டன்ஸின் அந்த மூன்று மாடிக் கட்டடமே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டது. கீழ்வீட்டு வங்காளி அண்ணி, போஸ் பௌதி, தமிழ் புரியாத குறையைப் பாதிப் படி ஏறிவந்து தீர்த்துக்கொண்டாள்.

விஷயம் இவ்வளவுதான். எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி மாமிக்கு எல்லாமே டிராஜடி. பால் திரிந்தால் டிராஜடி. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைக்காவிட்டால் டிராஜடி. அன்று கல்யாணப் பெண் கீதாஞ்சலியின் புதுப் புடவையில் காபி சொட்டியதைப் பார்த்ததும் அதையே சொல்லித் தொலைத்துவிட்டாள்.

மாமி பதிலுக்குக் கத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதுக்குத்தாண்டி சொல்றேன். பாலுக்கும் காபிக்கும் அஸ்து சொல்லியே அதுகளுக்கு வாய் வலிக்கட்டும். எங்காத்துக்காரர் ஆபீஸ் கிளம்பினவர் உயிரோட திரும்பலையே, அன்னிக்குப் பால் திரியலை. ஒண்ணும் கொட்டலை. நானும் ஒண்ணும் சொல்லலை."

ஷியாமளா மசியவில்லை. கல்யாணம் முடிகிறவரை சொல்வதில்லை என்று விளக்குக்கு முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தாள். ஜெயித்தவள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டுமா, இல்லையா?

மறுநாளே மாமி கையிலிருந்த தயிர்ச்சட்டி மாடிப்படியில் விழுந்து சிதறியது. மாமி உதட்டை மடித்துக்கொண்டு ஷியாமளாவைப் பார்த்தாள். கரண்ட் போனது, அதே பார்வை. சொல்லாமல் விட்டவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வதுபோல் ஷியாமளாவுக்குத் தோன்றியது. படி ஏறும்போது சுவரோரமாக ஒதுங்கி நடக்க ஆரம்பித்தாள், யாருக்கோ வழிவிடுகிறாற்போல.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எதுவுமே கொட்டவில்லை. பால் பதமாகப் பொங்கி அடங்கியது. பூக்காரன்கூடச் சொன்ன நேரத்துக்கு வந்தான். மாமியின் ஆத்துக்காரர் கிளம்பிய நாள் ஷியாமளாவுக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் எதிர்க்கதவைத் தட்டினாள்.

"மாமி, ஒரே ஒரு தரம் சொல்லிடுங்கோ."

"சத்தியம் வாங்கினவ நீதானே? வேணும்னா நீ சொல்லிக்கோ." கதவு சாத்திக்கொண்டது.

ஷியாமளா சமையலறைக்குத் திரும்பி, பால் அத்தனையையும் தரையில் கவிழ்த்தாள். சொன்னாள்.

கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. கீதாஞ்சலி புனேக்குப் போய்விட்டாள். மாமியை அவள் பிள்ளை கிரீஷ் ஹைதராபாத்துக்கு அழைத்துக்கொண்டுவிட்டான். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. ஷியாமளா தினமும் காலையில் ஒரு கரண்டி பாலைத் தரையில் கொட்டுகிறாள். பார்த்துவிட்ட போஸ் பௌதி, தன் நெற்றியைத் தட்டிக் காட்டி பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஷியாமளா அதையெல்லாம் சட்டை செய்வதில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வாசற்படியில் வந்து நிற்கிறாள், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அலுத்துப்போன ஒரு குரல் "அஸ்து" என்கிறவரை.