பூட்டின் முகம்

வேலை கிடைத்திருக்கிறது என்று மெயில் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. எனக்கு மட்டும் பேச்சே வரவில்லை. மருந்து கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வருகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் போட வேண்டும். வருகிறேன் என்றால் பிஎச்டியை நடுவிலேயே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அப்பா லிப்ட் மெக்கானிக். எந்தப் பேச்சையும் லிப்டில் கொண்டுபோய் ஏற்றாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ரெண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எந்தக் கதவு திறந்தாலும் இறங்கிவிடுவார்கள், நீயும் இறங்கிவிடு என்றார். அம்மா காலையில் வேலைக்குப் போ என்பாள். நான் சரி என்று தலையாட்டினால், சாயங்காலம் இத்தனை வருஷம் படித்ததை விட்டுவிடுவதா என்று மூக்கைச் சிந்துவாள். என் தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு மறுபக்கம் அவள். சித்தி போனில் "இன்னுமா படிச்சு முடிக்கல அவ?" என்று கேட்டாள். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் வீடு முழுக்கக் கேட்டது. எனக்குப் பிறகு பிறந்து எனக்கு முன்னாலேயே சம்பாதிக்கத் தொடங்கிய தம்பி ஒன்றும் சொல்லவில்லை. என் அலமாரியில் பாதியைத் தனக்கு ஒதுக்கித் தர முடியுமா என்று மட்டும் கேட்டான்.

என் ஆராய்ச்சி எலும்பைப் பற்றியது. உடைந்த எலும்பு சீக்கிரம் கூடுவதற்கு ஒரு மருந்து உதவுகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. எலிகளின் எலும்பை மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, புது எலும்பு கட்டும் செல்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எந்த எலிக்கு மருந்து கொடுத்தது, எதற்குக் கொடுக்கவில்லை என்பது எண்ணுகிறவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்யும். மருந்து சாப்பிட்ட எலும்பு என்றால் அரைகுறையாகத் தெரிகிற செல்லையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். நான் யோக்கியமானவள்தான், ஆனால் என் கண்ணுக்கு என்னால் ஜாமீன் போட முடியாது.

அதனால் எங்கள் லேபில் ஒருவருடைய ஸ்லைடுகளைக் கலைத்து இன்னொருவர் நம்பர் ஒட்டித் தருவது வழக்கம். என் ஸ்லைடுகளுக்கு நம்பர் ஒட்டியவள் என் தோழி. அவளுடையதற்கு ஒட்டியது நான். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம், பக்கத்துப் பக்கத்து மேஜை. எந்த நம்பர் எந்த எலி என்று யார் எப்படிக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள் என்பதால் லேபில் அவளுக்குப் பூட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அப்படி யாரும் பெயர் வைக்கவில்லை. என் வாயின் லட்சணம் ஊரறிந்தது.

கடைசி ஸ்லைடு வரை எண்ணி முடித்த பிறகுதான் இருவரும் உட்கார்ந்து என் எண்ணிக்கையையும் அவளுடைய நம்பர்களையும் சேர்த்துப் பார்க்கலாம். நடுவில் பார்த்தால் அதற்கு மேல் எண்ணுவது எதுவும் செல்லாது. மொத்தமும் குப்பைக்குத்தான்.

என் குழப்பமே அதில்தான் இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம். செய்யவில்லை என்றால் எதற்கு இருக்க வேண்டும்? இருப்பதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்தால் இருப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது. இதை யோசித்து யோசித்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷில் முகக் கிரீமைப் பிதுக்குகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

கைடிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் பிடி கொடுத்துப் பேசுகிற ஆள் இல்லை. வேலை செய்யவில்லை என்று தெரிந்தாலும் அதுவும் ஒரு விடைதானே என்றார். அவருக்கென்ன, அவர் பெயருக்குப் பின்னால் ஏற்கெனவே எல்லாப் பட்டமும் ஒட்டியாகிவிட்டது. நான் போனால் மீதியை வேறு யாராவது எண்ணலாமா என்று கேட்டேன். ஒருத்தி கண்ணில் தொடங்கியதை இன்னொருத்தி கண்ணில் முடிக்க முடியாது, அப்படியே மூடிவிட வேண்டியதுதான் என்றார். பிறகு "யோசிச்சு செய்மா" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மேஜை முழுக்கத் தேட ஆரம்பித்தார்.

மிச்சம் இருந்தது பூட்டு மட்டும்தான். செவ்வாய்க்கிழமை கேன்டீனில் அவளிடம் வேலை விஷயத்தைச் சொன்னேன். "நல்லது" என்றாள். பாதி டீ இருந்த கப்பை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. இவளுக்கு ஏதோ தெரியும்.

அதற்குப் பிறகு நான் எலும்பைப் பார்க்கவில்லை, பூட்டின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை என்னைப் பார்த்துச் சிரித்தாள். மருந்து வேலை செய்கிறது, இருந்துவிடுவோம் என்று முடிவு கட்டினேன். மத்தியானம் என்னோடு சாப்பிட வராமல் தனியாகப் போய்விட்டாள். செய்யவில்லை, கிளம்பிவிடுவோம் என்று மாற்றிக்கொண்டேன். மூன்று மணிக்கு என் பேனாவைக் கடன் வாங்கினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று சாயங்காலம் வரை மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். பைத்தியம் பிடிப்பதற்கு முந்தைய ஸ்டேஷன் அதுதான் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை பொறுக்க முடியவில்லை. நேராகவே கேட்டுவிட்டேன்.

"நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவ?"

"யார்கிட்ட வேணா கேளு. என்கிட்ட மட்டும் கேக்காத" என்றாள். கண் கலங்கியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்லைடை மறுபடி துடைத்தாள்.

அதோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொல்லக்கூடாது என்பதால் சொல்லாமல், என்னைப் பார்க்கப் பாவமாக இருப்பதால் அழுகிறாள். நாலு வருஷம் மண்ணாய்ப் போச்சு. அந்த மருந்துக்குப் பதில் எலிகளுக்குப் பச்சைத் தண்ணீரைக் கொடுத்திருக்கலாம். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் எனக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனிக்கு வருகிறேன் என்று மெயில் அனுப்பினேன். வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மா அழுதாள், அது எந்த வகை அழுகை என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை. முடிவெடுத்துவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு லேசாகவில்லை.

ஸ்லைடு கழுவும் அறையில் பூட்டு தனியாக இருந்தாள். அவளிடம் கோபப்படவா, நன்றி சொல்லவா என்று தெரியாமலே உள்ளே போனேன்.

"போறேன்டீ. பதில் போட்டுட்டேன். நீ வாயைத் திறக்கலைன்னாலும் உன் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன்."

"என்ன தெரிஞ்சுக்கிட்ட?"

"மருந்து வேலை செய்யலைன்னு."

குழாயை மூடினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு எப்படி தெரியும்? எந்த நம்பர் எந்த எலின்னுதான் எனக்குத் தெரியும். எதுல எத்தனை செல் இருக்குன்னு எண்ணினது நீ. என்கிட்ட என்னடீ இருக்கு?" கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "என் ஸ்லைடுக்கு நம்பர் போட்டது நீதானே. என் ரிசல்ட் உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நாலு வருஷமாக அவளுடைய நம்பர்களைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறேன், அவளுக்கு என்ன வரப்போகிறது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பாதி என்னிடம், பாதி அவளிடம். சேர்த்தால்தான் விடை. முதல் நாள் வருகிற மாணவிக்குக்கூடப் புரிகிற விஷயம். நாலு நாளாக அவள் நெற்றியில் விடை எழுதியிருப்பதாக நினைத்துப் படித்துக்கொண்டிருந்த என் அறிவை என்னவென்று சொல்வது. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. என் நாலு வருஷத்துக்கு என்ன பலன் என்று தெரிந்த ஒரு ஆள்கூட இந்த உலகத்தில் இல்லை.

"அப்போ நேத்து எதுக்கு அழுத?"

பூட்டு ஈர ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள்.

"நீ போயிட்டா இங்க நான் யார்கூடப் பேசறது? போகாதன்னு எப்படிச் சொல்றது, நல்ல வேலை. சொன்னா எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும். அதான் கேக்காதன்னு சொன்னேன்."

அவள் முகத்தில் இருந்ததெல்லாம் நானாகத்தான் இருந்திருக்கிறேன். நான் எலியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவளே, போவது என்று ஆகிவிட்டது, இனிமேல் பார்ப்பதில் என்ன தப்பு என்றாள். கைடு எப்படியும் மூடிவிடப் போகிறார், யாருக்கும் நஷ்டம் இல்லை, தெரிந்துகொண்டாவது போ என்றாள். அதுவும் நியாயம்தான். என் மேஜையில் உட்கார்ந்தோம். என் எண்ணிக்கையைத் திறந்தேன். அவள் தன் லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்து வைத்து, தன் நம்பர்களைத் திறக்கப் போனாள். இந்த வாரம் முழுக்க நான் ஏங்கியது அதற்காகத்தான்.

அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

"தெரியலை."

உண்மையாகவே தெரியவில்லை. எலும்புக்காகவா, பக்கத்து மேஜைக்காகவா, வெறும் பிடிவாதமா, எனக்கே புரியவில்லை. மருந்து வேலை செய்யாமலே போகலாம். ஒரு வருஷம் கழித்து இதே நாற்காலியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம். அப்பா லிப்டைப் பற்றி என்னென்ன சொல்வார் என்பது இப்போதே காதில் கேட்டது.

பூட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போறவளா இருந்தா பார்த்திருப்ப" என்றாள்.

கம்பெனிக்கு இன்னொரு மெயில் எழுத உட்கார்ந்தேன். மத்தியானம் வருகிறேன் என்று சொன்னவள் சாயங்காலம் வரவில்லை என்று எந்த முகத்தோடு எழுதுவது? முதல் வார்த்தைக்கே கை ஓடவில்லை. என்ன எழுதட்டும் என்று அவளிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்காதே என்று அவள் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிக்கவும்னு ஆரம்பி. மீதியை நான் சொல்றேன்."