எக்காத வயிறு

என் கணவர் ஒரு இரும்பு வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலையிலிருந்து வந்தபோது, பாப்பா விளையாடத்தான் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். பாப்பாவும் அப்படியே நினைத்து ஓடிப்போய்ப் பிடுங்கினாள். அவர் கொடுக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நடுவில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, வளையத்தைத் தலைவழியாக இறக்கச் சொன்னார். இறக்கினேன். தோளைத் தாண்டியது, நெஞ்சைத் தாண்டியது. தொப்புளுக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டது.

"இதான் மோதிரம். இது கீழ இறங்கலன்னா நான் தொட்டிக்குள்ள இறங்க முடியாது" என்றார்.

தொழிற்சாலைகளில் எண்ணெய் தேக்கி வைக்கும் பெரிய தொட்டிகளுக்குள் போய்ச் சுத்தம் செய்வது அவர் வேலை. தொட்டி ஒரு வீடு அளவுக்கு இருக்கும். வாய் மட்டும் ஒரு ஆள் நுழையும் அகலம்தான். அந்த வாயின் அளவுக்கே ஒரு இரும்பு வளையம் செய்து கம்பெனி வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் எல்லோரும் மோதிரம் என்கிறார்கள். இவர் தோளில் மாட்டிக்கொண்டு வந்தது அதே அளவில் செய்த இன்னொன்று. வருஷத்துக்கு ஒரு தடவை அதில் நுழைந்து காட்ட வேண்டும். இத்தனை நாளும் அது பேருக்கு நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த பாதுகாப்பு ஆபீசர் முறைப்படி செய்கிற ஆள். மாதக் கடைசியில் பரீட்சை என்று சொல்லிவிட்டார்.

இவருக்கு அங்கே பட்டப்பெயர் பெருச்சாளி. எந்தப் பொந்திலும் புகுந்து வருவாராம். அந்தப் பெயரைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், பட்டம் வாங்கியவர்களுக்குக்கூட அப்படி வராது. ஆனால் பெருச்சாளிக்குத் தொப்பை போட்டுவிட்டது. ஓவர்டைம், நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு, சாப்பிட்ட கையோடு படுக்கை. வேறெப்படி இருக்கும்?

"போகலன்னா என்ன, வெளிய வேற வேலை குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"குடுப்பாங்க. கயிறு பிடிக்கிற வேலை. அப்ப உள்ள யாரு போறது? உன் தம்பி."

அங்கே வேலை ஜோடி ஜோடியாகத்தான். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போவார், ஒருவர் தொட்டியின் வாயருகே நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். ஒரு இழுப்பு என்றால் நலம், தொடர்ந்து இழுத்தால் வெளியே எடு. உள்ளே போகிறவர் மோதிரத்தில் தேறாவிட்டால் கயிறு பிடிப்பவர்தான் இனிமேல் இறங்க வேண்டும். என் கணவருக்குக் கயிறு பிடிப்பவன் என் தம்பி. அவனுக்கு மூடின இடம் என்றாலே ஆகாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் பாத்ரூம் கதவைச் சாத்தக்கூட மாட்டான். வாளியை நடுவில் நிறுத்தி, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, தான் உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று இருமிக்கொண்டே குளிப்பான். நாங்கள் கேலி செய்து சிரிப்போம்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே உடற்பயிற்சி ஆரம்பமானது. நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அவர் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். நான் துணிக்கடையில் ஆல்ட்டரேஷன் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். பேன்ட் இடுப்பைப் பிரிப்பது, பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது. அதற்கு முன்னால் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். ஆகவே கிடைத்த இடுக்கிலெல்லாம் பயிற்சியைச் செருகினோம். பல் துலக்கும்போது உட்கார்ந்து எழுந்தார். அடுப்பில் பால் பொங்கும்வரை முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல நிறுத்தினார். பால் பொங்குவதற்கு இவ்வளவு நேரமா ஆகும் என்று தரையிலிருந்து சத்தம் வரும். நான் தீயைக் குறைத்து வைத்திருப்பேன், அது அவருக்குத் தெரியாது. மாலையில் வந்தால் லிஃப்டைத் தொடக்கூடாது என்று கட்டளை. படியேறி மூச்சு வாங்க வந்ததும், பாப்பா எண்ண, இருந்த இடத்திலேயே ஓட வேண்டும். பாப்பாவுக்கு எண்ணிக்கை பாதியில் மறந்துவிடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் குச்சியால் கூரையைத் தட்டுவார்.

இராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இளைத்தார், இல்லையென்று சொல்லவில்லை. முகம் ஒட்டியது, கால் மெலிந்தது. தொப்பை மட்டும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கிளம்புகிற வழியைக் காணோம். தினமும் வளையத்தை இறக்கிப் பார்ப்போம். அதே இடத்தில் வந்து நிற்கும். தேதி நெருங்க நெருங்க எனக்குக் கடையில் கை ஓடவில்லை. ஒருவருடைய பேன்ட்டை இன்னொருவர் அளவுக்குப் பிடித்துவிட்டு, பிரித்து, மறுபடி தைத்தேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம், வேலை முடிந்து வந்தவர் வளையத்தை எடுத்துப் போட்டார். சரசரவென்று கால்வரை இறங்கிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படிங்க?"

"எக்கிட்டேன். மூச்சை உள்ள இழுத்து, வயித்தை முதுகோட ஒட்ட வெச்சிட்டேன்" என்று திரும்பச் செய்து காட்டினார். வயிறு இருந்த இடத்தில் ஒரு குழி. அந்த நிமிஷத்தோடு பயிற்சி நின்றது. அடுப்படியில் படுப்பதில்லை, லிஃப்ட் திரும்ப வந்தது. அதற்குப் பதிலாக எக்கப் பழகினார். சட்டை போடும்போது எக்குவார், படியில் நிற்கும்போது எக்குவார். தட்டில் முழுச் சாப்பாடு வைத்தேன். நிம்மதியாக இருந்தது. என் தொழிலே இடுப்பு அளப்பதுதான், எனக்கு அப்போது உறைக்கவில்லை பாருங்கள். டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோனாலே ஆம்பளை பொம்பளை எல்லோரும் எக்குவார்கள். நான் பேச்சுக் கொடுப்பேன். எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று. பேசத் தொடங்கியதும் வயிறு தன்னால் இறங்கும், அப்போதுதான் அளவெடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்திருந்தான். அவனுக்குக் காட்டவேண்டும் என்று இவருக்கு ஒரே ஆசை. "பாரு மாப்ள" என்று கையைத் தூக்கினார். வளையம் பாதி இறங்கியபோது பாப்பா ஓடிவந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டாள். சிரித்துவிட்டார். சிரித்ததும் வயிறு பொங்கிக்கொண்டு வெளியே வந்து வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பாப்பா, தேங்காயெண்ணெய் தடவி இழுத்து எடுத்தோம்.

தம்பி சிரிக்கவில்லை. கைகழுவ எழுந்து அடுப்படிக்கு வந்தான். நானும் பின்னால் போனேன்.

"ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?"

குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, மயங்கி விழுந்தவன் வயித்தை எக்குவானா?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த மோதிரம் உள்ள போறதுக்கு இல்லக்கா. வெளிய எடுக்கறதுக்கு. உள்ள காத்து கெட்டுப்போய் மாமா விழுந்துட்டாருன்னு வை. கயித்தை நான் இழுக்கணும். வாய்வரைக்கும் வருவாரு. அப்புறம்?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

"அவர்கிட்ட நீயே சொல்லேன்டா."

"நான் சொல்லாம இருக்கறது உள்ள போகப் பயந்துக்கிட்டு... இல்ல, அதுவும் இல்ல. மாமா எனக்காகத்தான் இவ்வளவும் செய்யறாரு. நான் எப்படிச் சொல்றது? நீ சொல்லு."

"அவரு வெளிய வந்துட்டா நீ உள்ள போகணும்டா."

"தெரியாமயா சொல்றேன்?" என்று கையைத் துண்டில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பரீட்சைக்கு மிச்சமிருந்த இரண்டு நாளும் என்னால் சாப்பிட முடியவில்லை. ஒரு கண்ணில் அவர், ஒரு கண்ணில் இவன். எதைக் குத்திக்கொள்வது? பேசாமல் இருந்துவிடலாம், இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு சமயம் தோன்றும். உடனே, தொட்டி வாயில் இவர் பாதி வெளியே வந்து மாட்டிக்கொண்டு நிற்பதும், தம்பி கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதும் கண்முன்னால் வரும். கடையில் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். ஒரு வாடிக்கையாளர், "ஏம்மா, அளவு எடுக்கறீங்களா, தூங்கறீங்களா?" என்று கேட்டார்.

பரீட்சை நாள் காலையில் அவர் சட்டைப் பொத்தான் போடும்போது சொன்னேன்.

"மோதிரத்துல நுழையறப்ப பேசிக்கிட்டே நுழைங்க."

"எதுக்கு?"

"பேசினா எக்க முடியாது. நீங்க உள்ள மயங்கிட்டா உங்களால எக்க முடியுமா?"

"வாயைக் கழுவுடி. வேலைக்குக் கிளம்பற மனுஷன்கிட்ட பேசற பேச்சா இது?" என்றார். "நான் ஏன் மயங்கறேன்? உன் தம்பி உள்ள போகட்டும்ங்கறியா? அவனை நெனச்சுத்தானே நான் நாய் மாதிரி மூச்சு வாங்கினேன்?"

"அவன்தாங்க சொன்னான்."

பொத்தானில் இருந்த கை நின்றது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். லிஃப்ட் சத்தம் கேட்கவில்லை. படியில்தான் போனார்.

பகல் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தகவலும் இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார், விலாவில் சிவப்பாக ஒரு தடிப்பு. தம்பிதான் நடந்ததைச் சொன்னான்.

முதல் தடவை எக்கிக்கொண்டு நுழைந்து வந்துவிட்டாராம். ஆபீசர் சரி என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இவர் நகரவில்லை. பின்னால் நின்ற தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சார், இன்னொரு தடவை வரேன்" என்று மறுபடி போய்த் தலையை விட்டார். இந்தத் தடவை மூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே. ஆறு மூணு பதினெட்டில் மாட்டிக்கொண்டார். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. பெருச்சாளி பொறியில் மாட்டிக்கிச்சு என்று எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்களாம். ஆபீசர் மட்டும் சிரிக்காமல், இனிமேல் எல்லோரும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டுதான் நுழைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதில் தம்பி தேறினான், இன்னும் இரண்டு பேர் மாட்டினார்கள். அவர்கள் இவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஒருத்தனுக்கு வாய்ப்பாடே தெரியலக்கா. அதுக்குத் தனியா பரீட்சை வைக்கணும்" என்றான் தம்பி. நாங்கள் சிரித்தோம்.

மறு திங்கட்கிழமை தம்பி தொட்டிக்குள் இறங்கினான்.

அன்றைக்கு நான் கடைக்குப் போனேனே தவிர ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரே பேன்ட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கயிறு பிடிக்கிறவருக்குப் போன் எடுக்க அனுமதி இல்லை, தெரியும். தெரிந்தும் பார்த்தேன். என் புருஷனைக் காப்பாற்ற என் வாயாலேயே என் தம்பியை உள்ளே அனுப்பிவிட்டேன். அவனுக்கு ஏதாவது ஆனால் நான் யார் முகத்தில் முழிப்பேன்?

மாலையில் படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இரண்டு பேரும் வந்தார்கள். தம்பி முகம் வெளுத்திருந்தது. "ஒன்னும் இல்லக்கா, இருட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு நேராகப் பாத்ரூமுக்குப் போனான். வாளியை நடுவில் வைக்கவில்லை. ஒருக்களிக்கவும் இல்லை. கதவைச் சுவரோடு சேர்த்து முழுசாகத் திறந்துவிட்டு, சட்டையோடு உள்ளே தரையில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். இருமவில்லை.

பாப்பா வாயைத் திறந்து கேட்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

என் கணவர் வாசலிலேயே நின்று அவனைப் பார்த்தார். அவர் உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு இருந்தது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார். பிறகு பையைக் கீழே வைத்தார். சாப்பாடு வேண்டுமா என்று கேட்டேன், காதில் விழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, திறந்திருந்த அந்தக் கதவுக்கு எதிரிலேயே தரையில் முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்தினார்.

"எண்ணு பாப்பா" என்றார்.

பாப்பா எண்ணினாள். பாதியில் மறந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். அவருக்கு வியர்வை சொட்டியது. ஆனால் ஒரு தடவைகூடப் பால் பொங்கிவிட்டதா என்று கேட்கவில்லை.