ஆறியிருக்க வேண்டிய இன்ஜின்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தங்கையிடமிருந்து எடுத்துக்கொண்டது. எடுப்பதற்கு முன் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எழுதிக்கோக்கா. ஆனா எனக்காக யாரையும் நல்லவங்களா ஆக்கிடாத" என்றாள்.

இருபது வருடமாகக் குடும்பக் கதை எழுதுகிறவளிடம் இதைச் சொல்வது, சமையல்காரரிடம் உப்பைத் தொடாதே என்பது மாதிரி. என் கதைகளில் வில்லன்கூடக் கடைசி அத்தியாயத்துக்குள் ஒருமுறை அழுதுவிடுவான். முயன்று பார்க்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வெள்ளை வேன் காலை வெயிலில் ஒரு பெரிய அன்னப்பறவையைப் போல

அங்கேயே விட்டுவிட்டேன். அது அன்னப்பறவை இல்லை. பத்தொன்பது வயதான கேம்பர்வேன். இரண்டு பேர் படுக்கலாம், ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம், மூன்றாவது ஆள் ஏறினால் யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். பழைய வண்டியை வர்ணிப்பது விற்கிறவர்களின் வேலை.

இரண்டாவது தொடக்கம்: "பழைய கேம்பர்வேன் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பானட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பது."

இதில் ஒரு கை இருக்கிறது. கை இருந்தால் ஆள் இருப்பார். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

கைக்குப் போவதற்கு முன் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். என் தங்கை எட்டு மாதமாக என் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு வேலை போனது காரணமில்லை. வேலை போய் நான்கு மாதம் அதை அவர் சொல்லாததுதான் காரணம். தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு எட்டரைக்குக் கிளம்பி, ஆறு மணிக்குக் களைப்போடு திரும்பியிருக்கிறார். அந்த நான்கு மாதமும் அவள் ஐந்து மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்தாள். அவர் அதை நூலகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். "சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு கேப்பேன். ஆபீஸ்ல எல்லாரும் நல்லா இருக்குன்னாங்கன்னு சொல்லுவாருக்கா" என்று ஒருநாள் சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது அவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. கம்ப்யூட்டரும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். ஒரு வருடம் வேனில் இருப்போம், ஊர் ஊராகப் போவோம், முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று எழுதி அனுப்பினார். அவள் ஒரு வாரம் யோசித்தாள். வேனைச் சேர்ந்து பார்க்கலாம், சரியாக இருந்தால் வருகிறேன் என்றாள். நிபந்தனை ஒன்றே ஒன்று: எதையும் மறைக்கக் கூடாது. ஓட்டை என்றால் ஓட்டை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆக, அன்றைக்கு முடிவாக வேண்டியது அவள் அவரோடு போகிறாளா என்பது.

(வண்டியையும் கல்யாணத்தையும் ஒப்பிட்டு ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று இங்கே வாக்குக் கொடுக்கிறேன். மீறினால் நீங்களே பேனாவை எடுத்து அடித்துவிடுங்கள்.)

3

எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவருடைய மனைவி என் தொடர்கதைகளைப் படிப்பவர். அவர் படிப்பதில்லை, படிக்காமலே அவற்றைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருக்கிறார்.

போகும் வழியெல்லாம் பாடம் நடத்தினார். விற்கிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டுமாம்: நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆறிக் கிடக்கும் இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். எத்தனை தடவை இழுத்தால் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது, உள்ளே எது தட்டுகிறது என்பதெல்லாம் முதல் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏற்கனவே சூடாக்கிவைத்த இன்ஜின் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் சொல்லும்.

"எல்லாரையும் சந்தேகப்படணும் மேடம். அது மரியாதை இல்லன்னு நெனச்சா, போய்ப் புது வண்டி வாங்கணும்."

விற்கிறவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். என் முதல் பிரதியில் அவர் விரலில் பெரிய மோதிரமும் வழுக்குகிற சிரிப்பும் இருந்தன. பொய். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். உண்மையில் அவர் ரப்பர் செருப்போடு, கையில் பாதி படித்த செய்தித்தாளோடு வந்தார். ஆனால் அந்தச் செய்தித்தாள்மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. இயல்பாக இருப்பதுபோல் காட்ட எடுத்துவந்திருக்கலாம்.

வேன் அவர் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நின்றது. மாப்பிள்ளை எங்களுக்கு முன்பே வந்து கேட்டருகே காத்திருந்தார். போட்டோவில் பார்த்ததைவிட நேரில் நன்றாக இருக்கிறது என்றார். தங்கை தலையாட்டினாள்.

மெக்கானிக் நேரே போய்ப் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே என்னைப் பார்த்தார். நானும் வைத்தேன். இப்போதுதான் யாரோ எழுந்துபோன தலையணை மாதிரி இருந்தது.

காலையில் ஓட்டினீர்களா என்று கேட்டதற்கு, பத்து நாளாகத் தொடவில்லை என்றார் டாக்டர். மெக்கானிக் மேற்கொண்டு கேட்காமல் டயர்ப் பக்கம் குனிந்தார்.

4

அடுத்த முக்கால் மணி நேரத்தைச் சுருக்குகிறேன். (விரிவான பிரதி ஒன்று இருந்தது. அதில் டயரைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். மெக்கானிக்கின் மனைவி ரசித்துப் படித்தார். வேறு யாரும் படிக்கமாட்டார்கள்.)

டயர்களில் பட்டை நன்றாக இருந்தது, ஆனால் ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்து, இவற்றுக்கு ஒன்பது வயது என்றார் மெக்கானிக். மீட்டர் காட்டிய தூரம் குறைவு. பிரேக் பெடலின் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கேஸ் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். குமிழி வரவில்லை. அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. அதைக் குறித்துக்கொண்டார்.

இதெல்லாம் வயதான வண்டியின் சாதாரணக் கோளாறுகள். என்னை உறுத்தியது வேறு. கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை ஆளைத் தள்ளியது. யாரும் சும்மா அவ்வளவு வாசனை அடிக்கமாட்டார்கள். ஏணி போட்டுக் கூரையைப் பார்த்த மெக்கானிக், விரலை எங்களிடம் காட்டினார். கூரை இணைப்பில் பூசியிருந்த சிலிக்கான் பசை இன்னும் முழுக்கக் காயவில்லை. படுக்கைக்கு மேல் மூலையில் புத்தம்புது திண்டு ஒன்று நிறுத்தியிருந்தது. அதை எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் சுவரை அழுத்தினார். பலகை ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.

"இந்தத் திண்டு என்னோடது இல்ல" என்றார் டாக்டர்.

நாங்கள் யாரும் நம்பவில்லை. மெக்கானிக் என் காதருகே, "பல் டாக்டர்தான, சொத்தைய அடைச்சு மேல பூச அவருக்குச் சொல்லியா குடுக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

இந்த இடத்தில் கவனித்துப் படித்திருந்தால் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டிருப்பீர்கள். அவர் உள்ளேதான் இருந்தார். ஜன்னல் பெரியது, அலமாரி ஆழமானது, இங்கே உன் புத்தகங்களை வைக்கலாம் என்று தங்கையிடம் பேசிக்கொண்டே இருந்தார்.

அவள் சிங்க் குழாயைத் திருகினாள். தண்ணீர் வரவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தாமலே, கையைப் பின்னால் விட்டு, படுக்கைப் பலகைக்கு உள்பக்கமாக எதையோ தட்டினார். பம்பு உறுமியது. குழாயில் தண்ணீர் கொட்டியது.

அந்த ஸ்விட்ச் வெளியே தெரியாது. மெக்கானிக்கே அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

தங்கை தண்ணீரைப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

5

இங்கே மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். முதல்முறை பார்க்கிற வண்டியில் மறைவான ஸ்விட்சைக் கை எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஒன்று, அவர் வேனை ஏற்கனவே வாங்கிவிட்டு நாடகம் ஆடுகிறார். இரண்டு, வேறொரு பெண். என் வாசகிகள் இதற்குத்தான் தயாராக இருப்பார்கள். திண்டுக்கு அடியில் ஒரு ஹேர்பின்னைக்கூட வைத்து எழுதினேன். ஹேர்பின் ஏதும் இல்லை. எடுத்துவிட்டேன். அவர்மேல் எனக்கிருந்த கோபம்தான் அதை அங்கே வைத்தது.

நடந்தது இது.

"எத்தன தடவ வந்தீங்க?" என்றாள் தங்கை.

அவர் அலமாரிக் கதவைச் சாத்தினார். "மூணு நாளா. காலைல ஆறு மணிக்கு."

சாவி கொடுத்தது டாக்டரின் மனைவி. என் மனைவி பார்க்கும் முன் வண்டியைக் கொஞ்சம் சரிசெய்து வைக்கிறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். அந்த அம்மா உருகிப்போய், டாக்டர் காலை நடைக்குப் போகிற நேரத்தில் கொடுத்துவிட்டு, அவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பசை, திண்டு, எலுமிச்சை, எல்லாம் இவர் வேலை. அன்று காலையும் இன்ஜின் ஒரே இழுப்பில் பிடிக்க வேண்டுமே என்று சூடாக்கி வைத்திருக்கிறார்.

டாக்டர் வேனின் படியில் நின்று இதையெல்லாம் கேட்டார். என் வண்டியை விற்க எனக்குத் தெரியாமலே ஆள் இருந்திருக்கிறதே என்று மட்டும் சொன்னார். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "முப்பது வருஷமா விக்கிறவங்கள சந்தேகப்பட்டுத்தான் பழக்கம். வாங்குறவரே பூசி மெழுகுறத இப்பதான் பாக்குறேன்."

நாங்கள் இருப்பதைத் தங்கை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"ஒழுகுதுன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வேணாம்னு சொல்லியிருப்ப."

"வண்டியத்தான வேணாம்னு சொல்லியிருப்பேன்?"

அவருக்காக நானே ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். மிக நல்ல பதில், படித்தால் கண் கலங்கும். நன்றாக இருந்ததாலேயே அதையும் எடுத்துவிட்டேன். அந்த மனிதர் சும்மா நின்றார்.

6

முடிவு.

முதல் பிரதியில் அவள் சிரித்துவிடுகிறாள். எனக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டான் என்று நெஞ்சு இளகி, எலுமிச்சை வாசனைக்குள் அவன் தோளில் சாய்கிறாள். தங்கைக்குப் படிக்கக் கொடுத்தேன். "யாருக்கா இது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாவதில் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி நடக்கிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அங்கே நடந்துபோவது அவள் இல்லை. எட்டு மாதம் பின்னறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த நான்.

மூன்றாவதில் பத்து வருடம் கழித்து ஒரு மலைப்பாதையில் அந்த வேன்

வேண்டாம்.

ஆகவே கண்ணால் பார்த்ததோடு நிறுத்துகிறேன்.

மாப்பிள்ளை வேனிலிருந்து இறங்கினார். மெக்கானிக்கின் பெட்டியிலிருந்து ஒரு தட்டைக் கத்தியைக் கேட்டு வாங்கினார். ஏணியில் ஏறி, தான் பூசிய பசையைத் தானே சுரண்டி எடுக்க ஆரம்பித்தார். டாக்டர் பதறினார். மெக்கானிக் அவர் கையைப் பிடித்து, "விடுங்க டாக்டர், அவர் போட்டதுதான" என்றார். பசை நீளநீளமாக உரிந்து தரையில் விழுந்தது. பிறகு தோட்டத்துக் குழாயைக் கேட்டார்.

"நீ உள்ள இருந்து பாரு. ஒழுகுற எடத்துல தட்டு. ரெண்டு எடம் எனக்குத் தெரியும். வேற எங்கன்னு எனக்கே தெரியாது."

அவள் கொஞ்ச நேரம் கீழே நின்றாள். பிறகு உள்ளே ஏறி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

அவர் கூரையின் முன்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டார். சத்தமில்லை. மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். உள்ளேயிருந்து கூரையில் ஒரு தட்டு. அவர் குழாயை அப்பால் திருப்பி, மெக்கானிக் கொடுத்த சாக்பீஸால் அந்த இடத்தில் வட்டம் போட்டார். மறுபடி தண்ணீர். மறுபடி தட்டு. இது அவருக்குத் தெரிந்த மூலை. பிறகு அவர் எதிர்பார்க்காத இடத்தில் ஒன்று, ஜன்னலுக்கு மேலே. அவர் முகம் மாறியது. வட்டம் போட்டார். குழாயைத் தள்ளிப் பிடித்தார்.

மெக்கானிக் என் பக்கம் குனிந்து, "எழுதறவங்க நீங்க, சொல்லுங்களேன். வாங்குவாங்களா?" என்றார். எனக்கு ஆசை இருந்தது, பதில் இல்லை. என் ஆசையை நீங்கள் நம்பக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

கூரையின் பின்கோடி வரை தண்ணீர் விட்டாயிற்று. அவர் குழாயை மூடிவிட்டு மண்டியிட்டு, ஈரத் தகரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். உள்ளே அவள் நடப்பது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அடுத்த சத்தம் வந்தது. நான் கேட்டேன். அவருடைய கைக்கு அடியிலிருந்து இன்னொரு தட்டா, கதவின் கைப்பிடி திரும்பும் சத்தமா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். யாரையும் நல்லவர்களாக்கிவிடாதீர்கள்.