சமையலறையிலிருந்து வாசல் தெரியாது

கட்டடங்களுக்குப் பிளான் வரையும் அலுவலகத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்த பிறகுதான் அவள் இலக்கியம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தாள். வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு. இரண்டாம் பருவத்தில் பேராசிரியர் ஒரு நாவலைக் கொடுத்து, அதை வைத்து ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னார்.

நாவலில் கதை சொல்பவள் ஒரு வீட்டு மருமகள். மாமியார் படுத்த படுக்கை. இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் ‘நாவலில் மௌனம்’ என்றுதான் தலைப்பு வைத்தார்கள். அவளும் அதையே வைத்து நான்கு பக்கம் எழுதினாள். திரும்பப் படித்தபோது சொந்தமாகச் சொன்னது அதில் ஒரு வரி கூட இல்லை. எல்லாம் வகுப்பில் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேறு வழி தெரியாமல், கைக்குப் பழகிய வேலையில் இறங்கினாள். நாவலை முதலிலிருந்து புரட்டி, எந்த அறை எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று தேடித் தேடிக் குறித்து, அந்த வீட்டுக்கு ஒரு பிளான் போட்டாள். கூடவே குடியிருக்கும் நாத்தனார், துவைத்த துணியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, கதை படிக்கச் சொன்னா வீடு கட்டிட்டு இருக்கீங்க?”

அவள் நிமிரவில்லை. ஓரிடம் உதைத்தது. நாவலில் கொழுந்தன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான். வாசல் கேட்டருகே நின்று, சாவியை எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போகிறான். அடுப்படியில் நின்றபடி அதைப் பார்த்ததாக மருமகள் சொல்கிறாள். பிளானிலோ இரண்டுக்கும் நடுவே ஒரு முழுச் சுவர் இருந்தது.

வரைந்ததில் பிசகோ என்று மறுபடி சரிபார்த்தாள். அதுவும் போதாமல், கொடியில் ஒரு போர்வையைச் சுவராகத் தொங்கவிட்டு, நாத்தனாரைச் சாவியோடு அந்தப் பக்கம் நிறுத்தினாள். சாவி என்ன, ஆளே தெரியவில்லை.

“அப்ப யாருக்குத்தான் தெரியும்?” என்றாள் நாத்தனார், போர்வையை விலக்கிக்கொண்டு.

இருவரும் பிளான் மேல் குனிந்தார்கள். கேட்டுக்கு நேராக இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதன் ஓரமாகத்தான் மாமியாரின் கட்டில்.

அன்று சமையல் தள்ளிப்போனது. ‘பார்த்தேன்’ என்று மருமகள் சொல்லும் இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். மொத்தம் இருபத்து மூன்று. பத்தொன்பது சரியாக இருந்தது. நான்கை மருமகள் பார்த்திருக்கவே முடியாது. அந்த நான்கும் கட்டிலிலிருந்து தெரியும்.

“மாமியார்தான் சொல்லியிருக்கணும்” என்றாள் நாத்தனார். குரல் தானாகத் தணிந்திருந்தது. “பேச்சே இல்லன்னு புத்தகம் பூரா சொல்றாளே அண்ணி, அவ்வளவும் பொய்யா?”

அவள் முதலில் எழுதிய நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டு, பிளானை முன்னால் வைத்துப் புதிதாகத் தொடங்கினாள்.

கட்டுரையைப் படித்த பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவளைவிட வயதில் சின்னவர். பிளானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்தாளர் கவனக்குறைவாக விட்டிருக்கலாமே என்று கேட்டார்.

“நானும் முதல்ல அப்படித்தான் சார் நினைச்சேன். கவனக்குறைவுன்னா அங்கங்க சிதறிக் கிடக்கும். நாலும் ஒரே ஜன்னல்ல வந்து நிக்குதே.”

அவர் பிளானில் அந்த ஜன்னலைத் தேடிப் பார்த்தார். பிறகு, சரி, பேசிக்கொண்டதை ஏன் மறைக்க வேண்டும் என்றார். தெரியவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் அப்படியே எழுதியும் இருந்தாள்.

அடுத்த வாரம் கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முதலிடம் இல்லை. மேற்கோள் பட்டியல் முறைப்படி இல்லையென்று திருத்தச் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே பென்சிலில் ஒரு வரி: ‘யாரிடமிருந்து மறைத்தார்கள்?’

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் நாவலை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். இந்த முறை, அந்த வீட்டில் மருமகளுடைய புருஷன்காரன் எப்போது, எந்த அறையில் இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே போனாள்.