மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர்

அடுக்களையில் அனுசியாவின் கன்னத்தில் விழுந்த அறை கூடம் வரைக்கும் கேட்டது. கேட்காமல் இருக்க வழியில்லை. நடுவில் இருந்தது ஒரு சுவரும் கதவில்லாத ஒரு வாசலும்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் சோலைராஜ், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வத்திராயிருப்பிலிருந்து கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி விருந்துக்கு வந்திருந்தார். சத்தம் கேட்டதும் டிவியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். தங்கைக்காக அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அடித்தவர் அவள் புருஷன் லிங்கேஸ்வரன். கென்யாவில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர், லீவில் வந்திருப்பதாகத் தெருவுக்குச் சொல்லி வைத்திருந்தார். லீவு அனுமார் வாலாக நீண்டுகொண்டே போனது. பால் ஊற்றுகிற பெண், "ஒங்க வீட்டுக்காரரு எப்பம்மா திரும்பிப் போறாரு?" என்று கேட்டதற்கு, "இனி போகமாட்டாவன்னு நெனைக்கேன்" என்று அனுசியா சொல்லிவிட்டாள். குற்றம் அதுதான். ராஜபாளையத்தில் மில்லைப் பற்றித் தெரியாத தெரு கிடையாது. எந்த முதலாளியும் இத்தனை காலம் லீவு கொடுக்கமாட்டான் என்பது நண்டுசிண்டுகளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அது பெண்டாட்டி வாயிலிருந்து வந்துவிடக்கூடாது.

மாமியார் சுடலையம்மாள் அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மொகத்தக் கழுவிட்டு எலயப் போடுட்டி. ஒங்க அண்ணன் பசியோட உக்காந்திருக்காரு."

"எதுக்கு அத்த அடிச்சாவ? நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"அவனுக்குக் கோவம் வந்தா கை நீண்டுரும். அடுத்த நிமிசம் மறந்துருவான். மன்னிப்புக் கின்னிப்பெல்லாம் அவனுக்குக் கேக்கத் தெரியாது. பொறந்ததுலருந்தே அவன் சுபாவம் அது."

கல்யாணமான புதிதிலிருந்தே இதைத்தான் அவளுக்குச் சொல்லி வருகிறார்கள். அவளும் நம்பினாள். அடி வலித்தது உண்மை. ஆனால் அதைவிட வலித்தது, அடித்த பிறகு ஒரு வார்த்தை வராதது. 'தெரியாம அடிச்சிட்டேன்' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடத் தயாராக இருந்தாள். அவ்வளவு மலிவாகத்தான் தன்னை விற்க வைத்திருந்தாள், வாங்கத்தான் ஆளில்லை. அவருக்கு அந்த வார்த்தை வாயில் வராது, பாவம், திக்குவாயனிடம் போய்ப் பாட்டு கேட்க முடியுமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

இலை போட்டாள். ஒரு பக்கக் கன்னம் நன்றாகச் சிவந்து வீங்கியிருந்தது. சோலைராஜ் அதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூட்டு, பொரியல், அப்பளம் என்று எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தார்.

"பொறவு, மாப்ள, அந்த ஊர்ல என்னதான் நடந்துச்சு? போன்ல சரியாச் சொல்லலையே" என்றார்.

லிங்கேஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். இதற்காகத்தான் மச்சானை விருந்துக்கே கூப்பிட்டிருந்தார். லீவுக் கதை இனி எடுபடாது; ஊருக்குள் புதுக் கதை எப்படிப் பரவ வேண்டுமோ அப்படிப் பரப்ப நம்பிக்கையான ஒரு வாய் வேண்டும்.

"அநியாயம் மச்சான். நெகேசான்னு ஒருத்தி, நூல் நூக்குற ரிங் பிரேம் மிசின் ஓட்டுறவ. நூலு அறுந்து கெடக்கு, இவ பக்கத்து மிசின்காரிகிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கா. ஒரு அறை விட்டேன். ஒரே ஒரு அறைதான். அந்த ஷிப்டு மொத்தமும் மிசினை நிப்பாட்டிருச்சு."

"மில்லையா நிப்பாட்டிட்டானுவ?"

"ஆமா! பொம்பளைகளும் ஆம்பளைகளும் கையக் கட்டிக்கிட்டு நிக்காவ. நான் எல்லார் முன்னாலயும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். இல்லாட்டி ஒரு மிசினும் ஓடாதாம்."

"காட்டு சனம்" என்றாள் சுடலையம்மாள். மதுரையைத் தாண்டி ஓர் ஊரைப் பார்க்காதவள். "பெரிய மனுசன்னு ஒரு மட்டு மரியாதை இல்ல பாரு."

"ஒரு அறைக்கா இம்புட்டு?" சோலைராஜுக்கு உண்மையிலேயே தாங்கவில்லை. "கேட்டீகளா மாப்ள?"

"நானா? லிங்கேஸ்வரன் மண்டி போடுறவனா? போங்கலேன்னு வேலையத் தூக்கி எறிஞ்சிட்டு வந்துட்டேன்ல."

"அதான் ஆம்பள" என்றார் சோலைராஜ்.

அனுசியா ரசச் சட்டியோடு நின்றாள். ஓர் அறைக்கு ஒரு மில்லே நின்றிருக்கிறது. அவள் வாங்கியவற்றுக்கெல்லாம் நின்றிருந்தால் இந்த ராஜபாளையத்தில் ஒரு மில்லும் ஓடியிருக்காது. கூடப்பிறந்த அண்ணன், தங்கை கன்னத்தைப் பார்க்கத் துணியாதவர், கடல் தாண்டி நடந்த ஓர் 'அநியாயத்துக்கு' இப்படிக் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு ரொம்ப வலிச்சுதாமா?" என்று கேட்டாள்.

லிங்கேஸ்வரன் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும், உன் அண்ணன் போன பிறகு இருக்கிறது உனக்கு என்று.

அந்த நேரத்தில்தான் வாசலில் பைக் சத்தம் கேட்டது. வந்தவன் பெலிக்ஸ். சேத்தூர்க்காரன், அதே கென்யா மில்லில் எலக்ட்ரீசியன். இவன் உண்மையாகவே லீவில் வந்தவன். மாஸ்டர் அங்கே விட்டுவிட்டு வந்த பெட்டியைக் கொண்டு வந்திருந்தான். வேண்டாம் வேண்டாம் என்றவனைச் சுடலையம்மாள் விடாமல் இலையில் உட்கார வைத்தாள். சாட்சிக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

"நீயே சொல்லுய்யா, அந்த ஊர்க்காரனுவ எம்மகனுக்குச் செஞ்சது அடுக்குமா?"

பெலிக்ஸ் வெள்ளந்தி. அவனிடம் ஒன்றைக் கேட்டால் அதற்குத்தான் பதில் சொல்வான்.

"அந்த ஊரு முன்ன மாதிரி இல்ல ஆச்சி. நம்ம ஆளுக வஞ்சாலும் அடிச்சாலும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போன காலம் மலையேறிப் போச்சு. வரிய ஏத்துனாகன்னு பிள்ளைக ரோட்டுல எறங்கி கவர்மெண்டையே கேள்வி கேட்டுச்சு. பொம்பளைகளக் கொல்றத எதுத்து ஊரு ஊரா ஊர்வலம் போனாவ. இந்த நெகேசாகூட, 'எங்க அம்மா அடி வாங்குனா, நான் வாங்கமாட்டேன்'னு மொகத்துக்கு நேராச் சொல்லிருச்சு. நல்லவேளை, மாஸ்டர் அன்னைக்கே மன்னிப்புக் கேட்டாவ. இல்லாட்டி மில்லு ஓடிருக்காது."

சோற்றில் வைத்த கை யாருக்கும் நகரவில்லை. பெலிக்ஸ் அதைக் கவனிக்காமல் அப்பளத்தை நொறுக்கினான்.

"அந்த ஊரு பாசையிலயே கேட்டாவ. எப்படிச் சொல்லணும்னு என்கிட்டதான் வந்து கேட்டாவ, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். 'சமஹானி'. ரெண்டு கையும் கூப்பி, எல்லார் முன்னாலயும், ரொம்பப் பணிவாச் சொன்னாவ. அந்தப் பிள்ளயும் சரின்னு போயிருச்சு. முந்தியே மாஸ்டர் மேல இதே மாதிரி ஒரு புகார் இருந்துச்சு, அதான் கம்பெனி ஊருக்கு அனுப்பிருச்சு. வேற ஒண்ணுமில்ல."

"ஏலே, சாப்பிட வந்தா சாப்பிட்டுப் போ" என்று கத்தினார் லிங்கேஸ்வரன். அப்போதுதான் பெலிக்ஸ் தலையை நிமிர்த்தி அனுசியாவைப் பார்த்தான். அவள் கன்னத்தையும் பார்த்தான். கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டான்.

அனுசியா ரசச் சட்டியைத் தரையில் வைத்தாள். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, இலைகளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். ஆண்கள் சாப்பிடும்போது அந்த வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னட்டி இது? மோரக் கொண்டா" என்றாள் மாமியார்.

"கொண்டாரேன் அத்த. இவிய என்கிட்டயும் அத ஒரு தடவ சொல்லட்டும்."

"எத?"

"அந்தப் பிள்ளகிட்டச் சொன்னத. இத்தன வருசமா இவியளுக்கு அந்த வார்த்த வாயில வராதுன்னே நெனச்சிக்கிட்டு இருந்தேன். வருமாம்ல! தெரியாத பாசையில, பக்கத்துல ஆள வச்சுப் படிச்சுச் சொல்லிருக்காவ. தமிழ்ல சொல்லக் கூச்சமா இருந்தா அந்தப் பாசையிலயே சொல்லட்டும். எனக்கு அர்த்தம் தெரிஞ்சு போச்சு."

"ஏட்டி, வாய மூடு" என்று லிங்கேஸ்வரன் பாதி எழுந்தார்.

"அடிக்கணும்னா அடிங்க. இன்னைக்கு எல்லாரும் பாக்குற மாதிரி அடிங்க."

அவர் அப்படியே உட்கார்ந்தார். பெலிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திரும்பவும் அந்த மில்லுக்குப் போகிறவன், இங்கே பார்த்ததை அங்கே போய்ச் சொல்லிவிடுவான்.

"அனுசியா! விருந்தாளி முன்னால புருசன மானங்கெடுக்காத" என்று சோலைராஜ் அதட்டினார்.

"அண்ணே, செத்த முன்ன அடுக்களையில சத்தம் கேட்டுச்சுல்ல? அப்ப நீங்க எந்திரிக்கல. இப்பவும் எந்திரிக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு ஷிப்டே கூட நின்னுச்சு. எனக்கு ஆளில்ல, நான் மட்டுந்தான் நிப்பாட்ட முடியும். நிப்பாட்டிட்டேன்."

சோலைராஜின் முகம் கறுத்துப் போனது. எச்சில் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார். அனுசியா ஒரு கணம் நம்பினாள். அண்ணன் தன் பக்கம் வந்து நிற்கப் போகிறார் என்று கடைசியாக ஒரு தடவை நம்பினாள். அவர் அவளைத் தாண்டி மாப்பிள்ளையின் இலைக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"மாப்ள, மனசுல வச்சுக்கிடாதீக. வளத்த வளப்பு சரியில்ல. என் தங்கச்சிக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

அனுசியா இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை ஒருவழியாக அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அடித்தவருக்கே அதைக் கொடுத்தார்கள். அவரும் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டார்.

"சரி விடுங்க மச்சான். அவ புத்தி அவ்வளவுதான். ஏட்டி, போய் மோர எடுத்துட்டு வா."

மோர்ச் சட்டி அடுப்படி மேடையில் இருந்தது. சுடலையம்மாள் மருமகளைப் பார்த்தாள், சோலைராஜ் தங்கையைப் பார்த்தார், லிங்கேஸ்வரன் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, மோர் கேட்டார். பிசைந்த சோறு இலைகளில் காயத் தொடங்கியது.

அனுசியா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.