நீவெஸின் பூட்ஸில் இருந்த மண்

எல்லையைத் தாண்டியதிலிருந்தே அந்தப் பச்சைக் கார் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. எங்கள் இத்தாலி நம்பர்தான். கடலோரச் சுரங்கப்பாதைகளில் ஒரு தடவை பார்த்தோம். நீஸ் நகரத்துக்கு வெளியே பெட்ரோல் போட்டபோது மறுபடியும் பார்த்தோம்.

"திரும்பிப் பாக்காத எல்வீனோ," என்றாள் என் மனைவி நீவெஸ். "நாம பாத்துட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சுடும்."

"அவனும் நம்மள மாதிரி பென்ஷன் கிழவன். ஊர் சுத்த வந்திருப்பான்."

"ஊர் சுத்துறவன் பின்சீட்டுல பிரம்புக் கூடை வெச்சிருப்பானா?"

கூடையை நானும் பார்த்திருந்தேன்.

டைல்ஸ் ஆலையில் முப்பத்தாறு வருஷம் களிமண் பிசைந்துவிட்டு நான் ஓய்வு பெற்றது பதினான்கு வருஷத்துக்கு முன்னால். அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபரும் எங்களுக்கு இந்தப் பயணம் உண்டு. ரொட்டிக் கடைக்காரனிடம் பழசாக வாங்கிய வேனில் மெத்தையைப் போட்டுக்கொண்டு, மோதெனாவில் கிளம்பி, தெற்குப் பிரான்சைக் கடந்து, ஸ்பெயின் மலைகள் வரைக்கும் போவோம். மழை பெய்து மூன்றாம் நாள் எந்த மலையோ அந்த மலையில் காளான்.

மற்ற இடங்களில் இரண்டு பேருமாகப் பறிப்போம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் வேனில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிரான்சின் தெற்கு மலைகளில், செஸ்நட் காட்டுக்குள் இருக்கும் இடம் அது. நீவெஸின் அப்பா சொல்லிவிட்டுப் போனது. சாகும்போதுதான் சொன்னார், அதுவும் மகளிடம் மட்டும். எங்கள் பக்கத்தில் காளான் இடம் சொத்து மாதிரி. பெண் கொடுப்பார்கள், வீட்டைக் கொடுப்பார்கள், காளான் இடத்தை மட்டும் மருமகனுக்குச் சொல்ல மாட்டார்கள்.

நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் நாலரை மணி நேரம் எங்கே போகிறாள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எவனுக்கும் பிடிக்காது. முதல் சில வருஷம் காளானைப் பற்றி யோசித்தேன். அப்புறம் வேறு மாதிரியும் யோசித்தேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பொறுக்க முடியாமல், அவள் திரும்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளைத் தேடிப் போய்விட்டேன். வேன் நின்ற இடத்துக்கு மேலே செம்மண் சரிவு ஒன்று. அங்கே குனிந்து குனிந்து கூடையை நிரப்பிக்கொண்டிருந்தாள். வேறு ஆள் யாரும் இல்லை. நிம்மதியாக இறங்கி வந்து ஒன்றும் தெரியாதவன் போலக் காபி போட்டு வைத்தேன். அதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

இந்தத் தடவை பச்சைக் காரை ஏமாற்ற மூன்று ஊர் சுற்றினாள். ஒரு பாலத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பழைய காளான் தண்டுகளை வெட்டி அங்கே போட்டுவிட்டு வந்தாள்.

"எதுக்குடி இது?"

"இங்கதான் பறிச்சோம்னு நெனச்சு அவன் நாள் பூரா தேடட்டும்."

மறுநாள் காலை பனிமூட்டத்தில் வழக்கமான இடத்தில் வேனை நிறுத்தினேன். ஆறரை மணிக்குக் கூடை, கோல், கத்தியோடு கிளம்பினாள். கைபேசியை எடுத்துத் தலையணை அடியில் வைத்தாள்.

"அதையாவது எடுத்துட்டுப் போயேன்."

"அது போற இடத்தையெல்லாம் எழுதி வெச்சுக்குதாம். பதினோரு மணிக்கு வந்துடறேன். நீ எறங்காத."

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டுக்கு அவள் சாப்பிட வேண்டிய இருதய மாத்திரை ஜன்னல் ஓரத்தில் அப்படியே இருந்தது. ஒரு மணிக்கு நான் செம்மண் சரிவு முழுவதும் ஏறிக் கத்தினேன். பதில் இல்லை. கீழே இறங்கி வந்தால் வேனுக்குப் பக்கத்தில் பச்சைக் கார் நிற்கிறது.

காருக்கு வெளியே என் வயதுக்காரன் ஒருவன் சாய்ந்து நின்றான். பெயர் ரெமிஜோ என்றான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனாம். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாம்.

"எங்க பின்னாடி ஏன் வர்ற?" என்று கேட்டேன்.

"ரோடு எல்லாருக்கும் பொதுதானே ஐயா? உங்க வீட்டம்மா எங்க?"

அதை அவனிடம் சொல்வதா? ஆனால் மாத்திரை ஜன்னலில் இருந்தது. சாயங்காலம் மழை வரும் என்று வானொலியில் வேறு சொல்லியிருந்தார்கள். சொன்னேன். அவன் மறு பேச்சுப் பேசாமல் காரைக் கிளப்பிக் கீழே கிராமத்துக்குப் போனான். முக்கால் மணியில் ஒரு வனக்காவலர் பெண்ணையும் அவருடைய ஜீப்பையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தம்மாவுக்குப் பிரெஞ்சு மட்டும்தான். ரெமிஜோவுக்குப் பிரெஞ்சு, இத்தாலியன் இரண்டும் வந்தது. ஆக, நான் பேசுவதெல்லாம் அவன் காது வழியாகத்தான் போக வேண்டும்.

"எங்க போவாங்கன்னு கேக்குறாங்க," என்றான்.

செம்மண் சரிவைக் காட்டினேன். மூன்று பேரும் ஏறினோம். அவன் கையில் கூடை.

"ஆளைத் தேட எதுக்குய்யா கூடை?"

"பழக்க தோஷம். கை சும்மா இருந்தா தோள் வலிக்குது."

மூன்றரை வரைக்கும் தேடினோம். காலடி இல்லை, அறுத்த தண்டு இல்லை. சொல்லப்போனால் அங்கே காளானே இல்லை. ரெமிஜோ மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இந்த மண்ணுல போர்ச்சினிக் காளான் ஒருநாளும் வராது ஐயா. உங்க வீட்டம்மா உங்களையும் ஏமாத்திட்டாங்க போல."

அவனை அறையலாம் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. களிமண்ணில் கிடந்தவன் நான், எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அவள் திரும்பி வந்ததும் பூட்ஸைக் கழற்றி என்னிடம் போடுவாள், குச்சியால் மண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்வது என் வேலை. அந்த மண் கறுப்பு. பொடிப்பொடியாக, விரலில் தேய்த்தால் கரியாக ஒட்டும் கறுப்பு. ஒரு வருஷம்கூடச் சிவப்பு இருந்ததில்லை.

அவள் அப்பா கரி மூட்டத் தொழிலாளி. எங்கள் மலையிலிருந்து இங்கே வந்து மரம் வெட்டி, கரி சுட்டு, பத்து வருஷம் இந்தக் காட்டில் கிடந்தவர். கரி மூட்டம் போட்ட இடம் நூறு வருஷம் ஆனாலும் கறுப்பு மாறாது.

இதை வனக்காவலரிடம் கேட்க வேண்டும். அதற்கு ரெமிஜோவின் வாய் வேண்டும். கேட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். அவளுடைய அப்பா வேறு யாருக்கும் சொல்லாததை, அவள் எனக்கே சொல்லாததை, நான் ஒரு பஸ்காரனுக்குச் சொல்ல வேண்டும். மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"பழைய கரி மூட்ட மேடை இங்க எங்க இருக்குன்னு கேளு," என்றேன்.

ரெமிஜோ என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு கேட்டான். மலைக்கு அந்தப் பக்கம், ஓடைக்கு மேலே, மூன்று இருக்கின்றன என்றார் வனக்காவலர். வேன் நின்ற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். வேனைக் கண்ட எவனும் தேட மாட்டாத பக்கம். அதற்காகத்தான் என்னை அங்கே நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

ஜீப்பில் சுற்றிப் போய் ஓடைக்கரையில் இறங்கினோம். நான் கத்தினேன். ரெமிஜோவும் "நீவெஸ் அம்மா!" என்று பெருங்குரலில் கத்தினான். இலை சொட்டும் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நடு மேடைக்குப் போகும் பாதையில் அவளுடைய கோல் கிடந்தது. மற்ற இருவரும் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. அவளோடு நாற்பத்தாறு வருஷம் இருந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய சந்தேகம்.

கோலை இலைக்குள் தள்ளி மறைத்துவிட்டு, ரெமிஜோவிடம் சொன்னேன்: "நீங்க ரெண்டு பேரும் மேல இருக்குற மேடைக்குப் போங்க. அவ எப்பவும் உச்சி வரைக்கும் ஏறுவா. நான் மெதுவா வர்றேன்."

அவர்கள் பேச்சுச் சத்தம் அடங்கும்வரை நின்றேன். பிறகு மெல்லச் சொன்னேன்.

"நீவெஸ். நான் மட்டும்தான்."

பிறகு இருபது அடி தூரத்தில், இடிந்த கல் சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சத்தியமா?"

ஓடினேன். சுவரில் சாய்ந்து கிடந்தாள். முகம் வெளுத்து, உதடு நீலமாக இருந்தது. வலது கணுக்கால் பூட்ஸுக்குள் வீங்கிப் புடைத்திருந்தது. பையில் கொண்டுவந்திருந்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். என் கோட்டைப் போர்த்தினேன்.

"கத்துனது கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சு. அந்தப் பச்சைக் கார்க்காரனும் கத்துனானே."

"செத்துருப்பியேடி!"

"செத்தா அப்பா மாதிரி, வெளியாளுக்கு வாயத் தொறக்காம செத்துருப்பேன். நீ எப்படி இந்தப் பக்கம் வந்த?"

அவளுடைய முழங்கைகள் இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன. கால் உடைந்தவள் கிடந்த இடத்திலேயே கிடக்கவில்லை. குரல் கேட்டதும் ஊர்ந்து ஊர்ந்து, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம், தன் இடத்தை விட்டு விலகி வந்திருக்கிறாள். ஈர இலைகளில் அவள் ஊர்ந்த தடம் அகலமாக, கறுப்பாக, பெரணிச் செடிகளுக்கு நடுவே மேலே ஏறிப் போனது. அதன் மறுமுனையில்தான் எல்லாம் இருந்தது. முப்பது எட்டு வைத்தால் போதும். நிமிர்ந்தாலே தெரியும்.

நான் நிமிரவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு, காலால் இலைகளை இழுத்து இழுத்துத் தடத்தின் மேல் போட்டேன். தடம் வளையும் இடம் வரைக்கும் மூடிவிட்டுத் திரும்பினேன். அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் மற்றவர்களைக் கூப்பிட்டேன்.

ரெமிஜோதான் அவளைத் தூக்க ஒரு பக்கம் பிடித்தான். நன்றாகவே பிடித்தான், மூச்சு வாங்க, ஒரு தடவைகூட அவளைத் தரையில் இடிக்கவில்லை. ஜீப்பில் படுத்தபடி அவள் அவனிடம் நன்றி சொன்னாள். பிறகு என் காதில் கேட்டாள்.

"அவன் கூடை?"

"காலி."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

ஆஸ்பத்திரியில் பூட்ஸைக் கத்தரித்து எடுத்துக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை நான் காபியோடு போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நிறம் வந்திருந்தது.

"அந்தச் செம்மண் மேட்டுக்கு நீ வந்தியே," என்றாள். "அன்னிக்கு மூணு தடவை இருமின. அதக் கேட்டதும், அப்பா இடத்துல பறிச்சிட்டு வந்ததக் கீழ கொட்டி, அங்கயே மொளச்ச மாதிரி மறுபடி பறிச்சேன். இடுப்பே போச்சு."

பதினொரு வருஷம்!

"நேத்து அந்தத் தடத்துல மேல பாத்தியா?"

"இல்ல."

"உண்மையா?"

"உண்மையா."

காபியை ஊதிக் குடித்தாள். நம்பினாளா இல்லையா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரி, எப்படிக் கண்டுபிடிச்ச? அதைச் சொல்லு."

சொன்னேன். பூட்ஸைச் சொன்னேன், கறுப்பு மண்ணைச் சொன்னேன். அவள் கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த மிச்ச ஒற்றைப் பூட்ஸை எடுத்தாள். நர்ஸிடம் சைகையால் ஒரு பிளாஸ்டிக் பை கேட்டு வாங்கி, அதற்குள் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டுப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே என் பூட்ஸை நானே தொடச்சுக்கறேன்," என்றாள்.