கௌபாய் கல்யாணத்தின் மீசை

“இது இன்ஸ்பெக்டர் மீசை பாய். எங்கப்பாவோடது இது இல்ல,” என்று மூன்றாவது மீசையையும் திருப்பிக் கொடுத்தாள் நளினி.

கராமாவில் சலூன் நடத்தும் சாதிக் பாட்ஷா முகம் சுளிக்கவில்லை. துபாயில் தமிழ்க்காரர்கள் போடும் நாடகங்களுக்கெல்லாம் ஒட்டுமீசை அவர் கைவேலைதான். “படத்த ஒருக்கா காட்டுங்க தங்கச்சி,” என்றார்.

நளினி போனை நீட்டினாள். பாறைக்கு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் நிற்கிறார். தொப்பி நிழலில் கண் இடுங்கியிருக்கிறது. வாயோரத்தில் பீடி. மீசை உதட்டின் இரண்டு பக்கமும் வழிந்து தாடை வரை இறங்கியிருக்கிறது.

“கௌபாய் கல்யாணமா? அவரா உங்க அத்தா?”

“அவருதான். முந்தாநாள் ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. ஒரு மணிக்குப் பெட்டிய மூடிருவாங்க. கெளம்புங்க பாய்.”

சாதிக் பாட்ஷா மறுபேச்சு பேசாமல் ஒட்டுமுடியையும் பசையையும் கத்திரியையும் பையில் போட்டார். நளினி சொன்னால் அப்படித்தான். உடலை ஊருக்கு அனுப்ப மூன்று அலுவலகங்களில் வாங்க வேண்டிய தாள்களை ஒன்றரை நாளில் வாங்கி முடித்தவள். கணவன் வாசு கார் ஓட்டினான்; மற்றதெல்லாம் அவள்தான்.

கல்யாணசுந்தரத்தின் சரித்திரம் சின்னது. இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்கள் திண்டுக்கல் தியேட்டர்களில் சக்கைப்போடு போட்ட காலம் அது. ஒரு புளி வியாபாரி அதில் ஒன்றைப் பதினான்கு தடவை பார்த்துவிட்டு, தானே ஒன்று எடுக்கக் கிளம்பினார். சிறுமலை அடிவாரப் பாறைதான் அமெரிக்கா. குதிரையை ஜட்கா வண்டியிலிருந்து அவிழ்த்து வந்தார்கள். சித்திரை வெயிலில் கம்பளி. ‘செம்புழுதி வீரன்’ என்று பெயர் வைத்தார்கள். கதாநாயகனுக்கு மொத்தமே பதினோரு வசனம். முறைத்தே படத்தை முடித்தார் கல்யாணம். நூறு நாள் ஓடியது.

அதற்கப்புறம்தான் சனி பிடித்தது. அடுத்து வந்த நான்கு படங்களில் வேட்டி கட்டிக்கொண்டு தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தார். தியேட்டரில் எவனோ ஒருத்தன், “குதிரை எங்கண்ணே?” என்று கேட்டான், அத்தோடு சரி. பிறகு லாரி ஆபீசில் மேனேஜர் வேலை. ஆனால் ‘செம்புழுதி வீரன்’ இரண்டாம் பாகத்துக்குப் பூஜை போட்டிருந்தார்களே. ஷூட்டிங் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் இல்லையா? அதற்காக மீசையை எடுக்கவே இல்லை. புளி வியாபாரி செத்துப் பத்து வருஷம் ஆன பிறகும் எடுக்கவில்லை. ஐம்பது வருஷம் ஒரு மனுஷன் தயாராகவே இருந்தார்.

மகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்த இடத்தில் நுரையீரல் கைவிட்டது. ஐசியுவில் குழாய் செருகுவதற்கு முன்னால், மூச்சிரைப்புக்கு நடுவே அவர் சொன்னது ஒன்றுதான். “மீசைய மட்டும் எடுக்க விட்டுராதம்மா.” சரிப்பா என்றாள். பத்து நிமிஷத்தில் நர்ஸ் வந்து, மீசையிருந்தால் குழாயைப் பிடிக்கிற பிளாஸ்திரி ஒட்டாது, எடுக்கலாமா என்று கேட்டாள். நளினி எடுக்கச் சொன்னாள். வேறென்ன செய்வாள்? உயிர் இருந்தால் மீசை முளைக்கும் என்று நினைத்தாள். அவர் பிழைக்கவில்லை. கொடுத்த வாக்கைப் பத்து நிமிஷம்கூடக் காப்பாற்றவில்லையே என்று இரண்டு நாளாக மனசு அறுத்துக்கொண்டிருந்தது.

காரில் போகும்போது திண்டுக்கல்லிலிருந்து பாண்டித்துரை கூப்பிட்டார். எழுபது வயதிலும் ரசிகர் மன்றத் தலைவர் அவர்தான்.

“பாப்பா, நாளைக்குப் பத்து மணிக்குத் தலைவரை மண்டபத்துல வைக்கிறோம். பேனர் கட்டியாச்சு. மொகம் நல்லா இருக்குல்ல?”

“படத்துல பாத்த மாதிரியே இருப்பாருண்ணே. நான் கேரண்டி,” என்றாள் நளினி. வாசு அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தான்.

உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங் சென்டரில் வெள்ளைத் துணிக்கு வெளியே முகம் மட்டும் தெரிந்தது. அடையாளம் காட்ட வாசுதான் போயிருந்தான். ஐசியுவில் பிளாஸ்திரி மறைத்திருந்தது. அப்பாவை மீசையில்லாமல் அவள் பார்ப்பது இதுதான் முதல்முறை. யாரோ சாதுவான வாத்தியார் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. நின்று பார்க்க அவளால் முடியவில்லை. “ஒட்டுங்க பாய்,” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

சாதிக் பாட்ஷா பிஸ்மி சொல்லி வேலையை ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் கௌபாய் கல்யாணம் வந்துவிட்டார். அச்சு அசல். நளினிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

மாரியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அழவில்லை.

“மீசைய எடுத்துட்டாங்கன்னு மாப்ள சொன்னாரே?”

“எடுத்தாங்கம்மா. இப்ப ஒட்டியாச்சு. வித்தியாசமே தெரியல பாரு.”

“எடுத்துரு.”

“என்னம்மா சொல்ற? அப்பா கடைசியா கேட்டதே அது ஒண்ணுதான்.”

“அவரு என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியாதா?” மாரியம்மாளின் குரல் உயரவில்லை. “நா கழுத்த நீட்டுனப்ப அவருக்கு மீசை கெடையாது நளினி. ரெண்டாம் வருஷம் அந்தப் படம் வந்துச்சு. அன்னைலருந்து ஊருக்காக வச்சிருந்தாரு. ஒருநா எடுங்க, பாத்துக்கிறேன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். நாளைக்கே ஷூட்டிங்னு கூப்பிட்டா என்ன பண்றதும்பாரு. இனிமே யாரு கூப்பிடப் போறா?”

நளினி ஒட்டிய மீசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“மீசை இல்லாம அனுப்பு,” என்றாள் மாரியம்மாள். “அத நீ தனியா கையில கொண்டா. மொதல்ல வீட்டுக்கு வரட்டும். மண்டபத்துக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி நானே ஒட்டி விடுறேன். அவரு கேட்டதும் ஆச்சு.”

நளினி சாதிக் பாட்ஷாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் பஞ்சை எண்ணெயில் நனைத்து, நோகுமோ என்பதுபோல மெல்ல மெல்ல மீசையைப் பிரித்தெடுத்தார்.

“மேலுதட்டுல எடப்பக்கம் ஒரு மச்சம் இருக்கும். கடுகு மாதிரி. இருக்கா பாரு.”

நளினி குனிந்தாள். நாற்பத்தெட்டு வருஷம் இந்த மனுஷனுக்கு மகளாக இருந்திருக்கிறாள், இது தெரியாது. பசை துடைத்த ஈரத்துக்குள் கடுகளவில் ஒன்று இருந்தது.

“இருக்கும்மா.”

“கிட்டக் கொண்டு போ.”

கொண்டு போனாள். திண்டுக்கல் வீட்டு மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெட்டியை மூட வந்த ஆட்களை வாசு கதவோரமே நிறுத்தினான். நளினிக்குத் தோள் வலித்தது. போனை அவள் இறக்கவில்லை.